உள்ளான் நிற்கிற உயரம்

வயிற்றைத் தரையோடு ஒட்டிப் படுத்த பிறகுதான் அந்தத் தண்ணீர் எவ்வளவு பெரியது என்று ஞானசீலிக்குத் தெரிந்தது. நின்றபடி பார்த்தபோது அது வெறும் பாத்தி. உப்பு வாரின பிறகு சும்மா விட்டிருக்கிற பாத்தி, கணுக்கால் நனையுமோ நனையாதோ என்கிற அளவுக்குத் தண்ணீர், அதில் பொட்டுப் பொட்டாகச் சில குருவிகள். இப்போது தாடையைச் சேற்றில் வைத்து, கேமராவை மணல் நிரப்பின தலையணை உறைமேல் சாய்த்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் கரை என்ற ஒன்றே இல்லை. கடல்தான். அந்தக் கடலில் உள்ளான் குருவிகள் ஆள் உயரத்துக்கு நடந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே பவளக்காலி ஒன்று, காலே உடம்பாகப் பிறந்தது மாதிரி, சிவப்பாக மேலே மேலே போய் எங்கோ உச்சியில் ஒரு கறுப்பு முதுகும் வெள்ளை வயிறுமாக முடிந்திருந்தது. அதன் காலடியில் இன்னொரு பவளக்காலி தலைகீழாக நின்றது. மேலே இருப்பது கால் தூக்கினால் கீழே இருப்பதும் தூக்கியது. இரண்டும் பாதத்தில் பாதம் வைத்து நடந்தன. ஆண்டவரே என்றாள், வாய்க்குள்தான். இத்தனை நாளும் இந்த ரோட்டில் பஸ்ஸில் போயிருக்கிறாள், கல்யாணத்துக்குப் போயிருக்கிறாள், பிரசவத்துக்குக்கூட இந்த உப்பளத்தைத் தாண்டித்தான் போனாள், வலியில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு. அன்றைக்கும் இதுகள் இங்கே இப்படித்தான் நடந்துகொண்டிருந்திருக்கும். ஒருதரம்கூடக் குனிந்து பார்க்கத் தோன்றவில்லையே. முழங்கையில் இருந்த சிராய்ப்பில் உப்புத்தண்ணீர் ஏறிச் சுரீர் என்றது. அசையவில்லை. அசைந்தால் போய்விடும். அசையாமல் இருப்பது அவளுக்குப் புதிதில்லை.

அதற்காகத்தான் அவளை அனுப்பினான் அவள் புருஷன் தாவீது. உப்பு வியாபாரி ஒருவர் காலண்டருக்குக் கேட்டிருந்தார், நம்ம அளத்துக் குருவியாகவே இருக்கணும், வெளியூர்ப் படம் வேண்டாம் என்று. தாவீது போய்ப் பார்த்தான். வரப்பில் அவன் தலை தெரிந்ததுமே எல்லாம் எழும்பிவிட்டன. எழும்பினதை எடுத்துக்கொண்டு வந்தான், படம் முழுக்க வால். “சீலி, இது எனக்கு ஆவாது. நான் நடந்தா லாரி வாரமாதிரி இருக்கு அதுகளுக்கு. நீ போ. நீதான் வீட்டுக்குள்ள நடந்தாலே எங்க நிக்கேன்னு தேடணும், உன்னப் பாத்து எந்தக் குருவி பறக்கும்?” கேலியாகத்தான் சொன்னான், ஆனால் அதில் ஒரு பெருமையும் இருந்தது. அவர்கள் ஸ்டுடியோவில் பிள்ளைகள் படமெல்லாம் எடுப்பது அவள்தான். பெரியவர்கள் படத்துக்கு, கொஞ்சம் இப்படித் திரும்புங்க, நாடியத் தூக்குங்க என்று சொல்லணும், அது அவளால் ஆகாது. பிள்ளைகளிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். தரையில் அவர்களோடு படுத்துக் காத்துக் கிடந்தால் போதும். இன்றைக்குப் பிள்ளை ரூபனையும் கூட்டிக்கொண்டு பைக்கில் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஆல்பம் ஒன்று கொடுக்க வேண்டியிருக்கு, பொழுது சாய முன்னே வந்துருவேன் என்று போயிருக்கிறான். ரூபன் அவள் காலடிக்குப் பின்னால், வரப்பின் சரிவில், விரித்த குடைக்குக் கீழே பழைய சேலைமேல் உறங்குகிறான். தாவீது திரும்பி வரும்போது சொல்லிவிட வேண்டும். இன்றைக்குக் கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். கேமரா கண்ணுக்குள் பவளக்காலி நின்றது. சொல்லிவிட வேண்டும் என்று நினைத்ததும் அது அங்கே இருந்தும் தெரியவில்லை, கண்ணாடியில் மூச்சுப் பட்டதுபோல் மங்கிவிட்டது.

என்னவென்று சொல்வது. பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அந்த வாக்கியத்தை அவள் இதுவரை ஒருதரமும் வாயால் சொன்னதில்லை. மனசுக்குள் சொல்லும்போதே பாதியில் நின்றுவிடும், பிள்ளைக்குக் காது என்பதோடு. அங்கன்வாடி டீச்சர்தான் முதலில் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். ஏம்மா, கூப்பிட்டாத் திரும்புதானா, வீட்டுக்காரரக் கூட்டிக்கிட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில காட்டு, இந்த வயசுல காட்டுனாத்தான் வழி உண்டு, தள்ளிப்போடாத என்றாள். சரி டீச்சர் என்று தலையாட்டிவிட்டு வந்தவள்தான். மழை வந்து போய்விட்டது. உப்பளத்தில் வேலை தொடங்கிவிட்டது. வீட்டில் யாருக்கும் சந்தேகமே இல்லை, அதுதான் பெரிய கொடுமை. பிள்ளை சத்தமில்லாமல் இருந்தால், கூப்பிட்டதற்குத் திரும்பாவிட்டால், இன்னும் ஒரு சொல்லும் பேசவில்லையென்றால், எல்லாரும் அவளைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். “தாயக் கொண்டு பொறந்திருக்கான். இவளும் அப்பிடித்தான, கல்யாணமாயி வந்து ஒரு கிறிஸ்மஸ் கழிஞ்ச பொறவுதான் இவ குரலே எனக்குத் தெரியும்” என்பான் தாவீது. மதினி எஸ்தர் இன்னும் ஒருபடி மேலே. “வயித்துக்குள்ளயே வாயப் பூட்டிச் சாவிய இடுப்புல சொருகிட்டுல்லா பெத்திருக்கா!” எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள், தலையைக் குனிந்துகொண்டு. அவள் கூச்சத்துக்குள் பிள்ளையின் காது ஒளிந்துகொண்டது. அவள் மட்டும் வாயாடியாக இருந்திருந்தால் என்றைக்கோ கண்டுபிடித்திருப்பார்களே. இவ்வளவு பேசுறவளுக்கு இப்படி ஒரு பிள்ளையா, ஏதோ இருக்கு, போய்க் காட்டு என்றிருப்பார்களே.

ஆனால் தட்டு விழுந்தபோது திரும்பினானே. அதுதான் ஒவ்வொரு தரமும் வந்து முட்டுகிற இடம். முதுகுக்குப் பின்னால் நின்று கை தட்டியிருக்கிறாள், குக்கர் விசில் அடிக்கும்போது முகத்தையே பார்த்திருக்கிறாள், அலாரம் வைத்துப் போர்வைக்குள் வைத்திருக்கிறாள். ஒன்றுமில்லை. ஆனால் பெரிய எவர்சில்வர் தட்டு கைதவறித் தரையில் விழுந்த அன்றைக்கு விளையாடிக்கொண்டிருந்தவன் சட்டென்று திரும்பினான். அன்றைக்கு அவள் அழுதாள், சந்தோஷத்தில். அந்த ஒரு திரும்பலை வைத்துக்கொண்டுதான் இத்தனை நாளும் ஓட்டினாள். இப்போது வயிற்றோடு மண்ணில் கிடக்கும்போது, தூரத்தில் ரோட்டில் ஏதோ கனமான வண்டி போவது காதுக்கு வருவதற்கு முன்னால் வயிற்றுக்கு வந்தது. மண் லேசாக நடுங்கியது. தண்ணீரில் வளையமே இல்லாத ஒரு சிலிர்ப்பு ஓடியது. பவளக்காலி ஒரு காலைத் தூக்கியபடி நின்றது. ஓ என்றாள் ஞானசீலி. தட்டு விழுந்தால் தரையும் அதிரும். அவன் தரையில் உட்கார்ந்திருந்தான். ஓ. அவ்வளவு பெரிய நம்பிக்கை அவ்வளவு சின்ன சத்தத்தோடு போயிற்று. அழுகை வரவில்லை. குருவிகள் நடந்துகொண்டே இருந்தன.

பின்னால் வரப்பில் காலடி. “ஏட்டி, யாரு அது, செத்தது மாதிரிக் கெடக்கது?” பூரணம். அளத்தில் உப்பு வாருகிறவள், வேலை முடித்து வாளியும் தூக்குச்சட்டியுமாகப் போகிறாள். ஞானசீலி திரும்பாமல் ஒரு கையை மட்டும் தரையோடு அசைத்துக் காட்டினாள். “போட்டோக்காரர் பொஞ்சாதியா? எம்மா, நல்லாத்தான் இருக்கு. நாங்க உப்புல நிக்கோம் கூலிக்கு, நீ ஏன்ட்டி படுத்துக் கெடக்க? கொக்குக்குப் பாஸ்போர்ட் எடுக்கியோ?” தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தாள் பூரணம். அந்தச் சிரிப்புக்கு அருகிலிருந்த உள்ளான் கூட்டம் சட்டென்று பத்தடி தள்ளி ஓடியது. பூரணம் குரலைத் தணித்தாள். “போயிருச்சா? மன்னிச்சுக்கம்மா. இந்தா, பிள்ளை என்னமா உறங்குதான்! நான் கத்துன கத்துக்குக் கண்ணு முழிக்கலியே. கொடுத்து வச்சவ நீ. என் வீட்டுல ஒண்ணு கெடக்கு, கொசு தும்முனா எந்திச்சு உக்காந்துரும்.” குடையைக் கொஞ்சம் சாய்த்து வைத்துவிட்டு அவள் போனாள். கொடுத்து வச்சவ. அந்தச் சொல் வரப்பு முழுக்க அவள் பின்னாலேயே நடந்து போகாமல் ஞானசீலியின் பிடரியிலேயே உட்கார்ந்துகொண்டது.

தள்ளி ஓடின உள்ளான்கள் மெல்லத் திரும்ப வந்தன. ஓடும், நிற்கும், தையல் மிஷின் ஊசி மாதிரிக் குத்தும், மறுபடி ஓடும். பொடிசு. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இதுதான் பனிநாட்டிலிருந்து வருகிறதாம், திரும்பப் போகுமாம், தாவீது சொன்னான். இந்தக் கையளவு உடம்பில் எதை வைத்துக்கொண்டு வருகிறது. சோறு கட்டிக்கொண்டா, வழி கேட்டுக்கொண்டா. உள்ளான். உள்ளான் என்றால் இருக்கிறான் என்றல்லவா அர்த்தம். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன படிப்பில் அவளுக்கு ஞாபகம் இருக்கிறவற்றில் அது ஒன்று, மணி வீட்டில் உள்ளான், மாடு தொழுவில் உள்ளது. அப்புறம் காலையில் வருகைப்பதிவு. டீச்சர் பெயர் சொல்லச் சொல்ல ஒவ்வொருத்தியும் உள்ளேன் டீச்சர், உள்ளேன் டீச்சர் என்று எழுந்து சொல்லுவாள். தன் பெயர் வர வர ஞானசீலிக்கு நாக்கு உலர்ந்துபோகும். சொல்லுவாள், ஆனால் அது பல்லைத் தாண்டாது. டீச்சர் நிமிர்ந்து பார்க்காமல் அடுத்த பெயருக்குப் போய்விடுவாள். முன்பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே எத்தனை நாள் வராதவளாக இருந்திருக்கிறாள். ரூபனுக்கு அப்படி ஒரு நாள் வரும். ரூபன் என்று டீச்சர் கூப்பிடுவாள். அவனுக்குக் கூச்சம் இருக்காது, எழுந்து கத்தக்கூட ஆசையாக இருக்கும், ஆனால் கூப்பிட்டதே தெரியாது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பான். உள்ளான். அங்கேதான் உள்ளான், உள்ளுக்குள்ளே உள்ளான். யாராவது இவன் உள்ளான் என்று சொன்னால்தான் உண்டு. யார் சொல்வது. வாயைத் திறந்தால் பல்லைத் தாண்டாத இவளா.

வெளிச்சம் மோசமாக இருந்தது. சூரியன் நேர் எதிரே, தாழ இறங்கி, தண்ணீர் பூராவும் உடைந்த கண்ணாடி. குருவிகள் எல்லாம் கரித்துண்டு. ஒன்றிரண்டு எடுத்துப் பார்த்தாள், பறவை இருக்க வேண்டிய இடத்தில் பறவை அளவுக்கு ஓட்டை. வெள்ளைச் சேலை கட்டின கல்யாணப் பெண்களுக்கு இப்படித்தான் ஆகும், கேமரா வெள்ளையைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொள்ளும், பெண்ணின் முகம் கறுத்துப்போகும். அதற்கு வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டி வைக்கணும். கூட்டினாள். குருவிக்கு முகம் வந்தது, ஆனால் தண்ணீர் வெந்து சுண்ணாம்பாகப் போயிற்று. குறைத்தாள். மறுபடி கரி. அந்தப் பக்கம் போய்ப் படுத்தால் வெளிச்சம் முதுகுக்கு வரும், ஆனால் ரூபன் இந்தப் பக்கம். அவனைவிட்டு அவ்வளவு தூரம் போக முடியாது, கூப்பிட்டால் வருகிற பிள்ளையா அவன். அப்படி யோசித்துக்கொண்டே இருக்கையில் சூரியன் இன்னும் ஒரு விரல் இறங்கியது. அப்போது என்ன நடந்ததென்று முதலில் அவளுக்குப் பிடிபடவில்லை. பவளக்காலியின் நெஞ்சு மெல்ல மெல்லத் தெரிய ஆரம்பித்தது. விளக்கு ஏற்றினாற்போல இல்லை. பால் பொங்குமுன் மேலே வருமே, அப்படி. கறுப்புக்குள்ளிருந்து வெள்ளை வயிறு வந்தது, கழுத்து வந்தது, ரத்தக் கட்டி மாதிரி ஒரு சிவப்புக் கண் வந்தது. எதிரே சூரியன் அப்படியே இருக்கிறது. பிறகு எங்கிருந்து இந்த வெளிச்சம். தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓட்டினாள். அவளுக்குப் பின்னால், வரப்புக்கு அந்தண்டை, உப்பு அம்பாரம். வீட்டு உயரத்துக்குக் குவித்து வைத்த வெள்ளை மலை. சாய்கிற வெயில் முழுவதும் அதன்மேல் போய் விழுந்து அங்கிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தது. ஸ்டுடியோவில் முகத்துக்கு வெளிச்சம் திருப்ப தெர்மகோல் அட்டை பிடிப்பார்கள். இங்கே யார் இவ்வளவு பெரிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. காலையிலிருந்து பூரணமும் மற்றவர்களும் கூடை கூடையாகக் கொட்டினது இந்தக் குருவியின் நெஞ்சில் வந்து விழுகிறதே. ஞானசீலியின் முதுகிலும் அந்த வெளிச்சம் கிடக்கிறது, அவள் காதோரத்திலும், குடைக்குக் கீழே உறங்குகிறவன்மேலும் கிடக்கும். விரல் தானாக அழுத்திக்கொண்டே இருந்தது.

பவளக்காலி அவளை நோக்கி நடந்தது. முழங்கால் பின்பக்கமாக மடங்க, தண்ணீரை நோகடிக்காமல் ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து. கேமராவுக்குள் பெரிதாகிக்கொண்டே வந்தது. உடம்பு அடங்கவில்லை, கழுத்து மட்டும் அடங்கியது, பிறகு தலை மட்டும், பிறகு அந்த லென்ஸுக்கு அவ்வளவு பக்கத்தில் பார்க்கத் தெரியாது, எல்லாம் சிவப்பும் வெள்ளையுமாகக் கரைந்துபோயிற்று. அவள் கேமராவிலிருந்து கண்ணை எடுத்துவிட்டாள். கை எட்டும் தூரத்தில் அது நின்றது. ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தது. மனிதர்கள் பார்த்தால் அவளுக்கு முகம் எங்கே வைப்பதென்று தெரியாது, காது சூடாகிவிடும். இந்தக் கண்ணில் ஒன்றும் கேள்வி இல்லை. நீ ஏன் பேசவில்லை என்று இல்லை. நீ என்ன படித்திருக்கிறாய் என்று இல்லை. அந்தக் கண்ணுக்குள் குட்டியாக ஒரு வானமும், அதன் அடியில் கறுப்பாக ஒரு மண்மேடும் தெரிந்தன. அந்த மண்மேடு தான்தான் என்று புரிந்தபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. கோயிலில் எழுந்தேற்றத்தின்போது மணி அடித்து எல்லாரும் தலைகுனிவார்களே, அந்த நேரத்தில்கூட இப்படி வந்ததில்லை. மூச்சு விடாமல் கிடந்தாள். இது இப்படியே இருக்கட்டும். யாரும் வர வேண்டாம், யாருக்கும் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

அப்போதுதான் உப்பு ஏற்ற வந்த லாரி அம்பாரத்துக்குப் பின்னாலிருந்து ஹாரன் அடித்தது. காற்றுக் குழல் வைத்த பெரிய ஹாரன், அவளுக்குக் காதுக்குள் குச்சி விட்டது மாதிரி இருந்தது. பாத்தி மொத்தமும் எழும்பிற்று. உள்ளான்கள் எத்தனை இருந்தன என்பதே அப்போதுதான் தெரிந்தது, தண்ணீரே கிழிந்து மேலே போனதுபோல. விர்ர்ர் என்று அவள் தலைக்கு மேலே போய், ஒரே நினைப்பில் திரும்புவதுபோல எல்லாம் ஒருசேரத் திரும்பின. திரும்பினபோது எல்லா வயிறும் ஒரே நேரத்தில் வெள்ளையாக மின்னி, மறுபடி திரும்பினபோது ஒன்றுமே இல்லாமல் வானத்தில் அழிந்து, மறுபடி மின்னின. பவளக்காலி கிக் கிக் கிக் என்று திட்டிக்கொண்டே கால்களை வால்போல நீட்டிக்கொண்டு போயிற்று. ஞானசீலி கேமராவை அப்படியே போட்டுவிட்டுப் பிள்ளையிடம் பாய்ந்தாள். இவ்வளவு சத்தத்துக்கு விறைத்துப்போயிருப்பான், வீறிட்டு அழுவான் என்று பாய்ந்தாள். பாய்ந்த பிறகுதான் நினைவு வந்தது.

ரூபன் விழித்திருந்தான். எப்போது விழித்தானோ தெரியாது, குடைக்கு வெளியே சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையிலும் ஈர மண்ணோடு, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு நேர் பின்னால் லாரி. டிரைவர் இன்னொரு தரம் ஹாரனை அடித்தான், நீளமாக. பிள்ளையின் இமைகூட அசையவில்லை. அவன் முகம் குருவிகள் திரும்பின பக்கமெல்லாம் திரும்பியது. அவை மின்னினபோது வாயைத் திறந்தான், அழிந்தபோது தேடினான், மறுபடி மின்னினபோது கையைத் தூக்கிச் சிரித்தான். எவ்வளவு நேரமாக அவன் இங்கே சத்தம் போடாமல் இருந்து இதையெல்லாம் பார்த்திருக்கிறான். அவள் பார்த்ததையெல்லாம் அவனும் பார்த்திருக்கிறான். ஹாரன் ஓய்ந்தது. அவளுக்குள் இத்தனை மாதமாக நடந்துகொண்டிருந்த வழக்கும் ஓய்ந்தது. திரும்பினானா இல்லையா, கேட்டதா கேட்கவில்லையா. கேட்கவில்லை. அவ்வளவுதான். இதுவரை எத்தனை தரம் அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றிருக்கிறாள், கை தட்ட, தட்டுப் போட. முன்னால் வர வேண்டும் என்று ஒருதரம் தோன்றவில்லை.

அவள் அவன் முன்னால் சேற்றில் மண்டியிட்டுக் குனிந்தாள், முகத்துக்கு முகம் வரும்வரை. அவன் வானத்தை விட்டு அவளைப் பார்த்தான். “என் ராசா” என்றாள். அவன் அவள் வாயைப் பார்த்தான். ஈர மண் ஒட்டின கையை நீட்டி அவள் நாடியைப் பிடித்தான், வழுக்கிக்கொண்டு அது கழுத்துக்கு இறங்கியது. “என் ராசா, பாத்தியா, எல்லாம் பறந்துபோச்சு பாத்தியா” என்றாள். கை அங்கேயே நின்றுவிட்டது. தொண்டைமேல் உள்ளங்கையை ஒட்டவைத்துக்கொண்டு, ஏதோ உயிருள்ளதைப் பிடித்துவிட்டவன்போல அவன் அசையாமல் இருந்தான். அவள் நிறுத்தினாள். அவன் கண் தேடியது. பேசினாள். கண் அகன்றது. அதனால் அவள் நிறுத்தவில்லை. என்ன பேசுவது என்று தெரியாமல் பவளக்காலியைப் பற்றிப் பேசினாள், அதன் காலைப் பற்றி, பூரணத்தைப் பற்றி, குடை, சேறு, லாரி என்று கண்ணில் பட்டதையெல்லாம் பேசினாள். லாரிக்காரன் எட்டிப் பார்த்தான். பார்க்கட்டும். தன் குரல் இவ்வளவு கனமானதென்று அவளுக்கே தெரியாது.

வரப்பின் கோடியில் பைக் வந்து நின்றது. தாவீது ஒரு காலை ஊன்றிக்கொண்டு, இறங்காமலே, கையைக் குவித்துக் கத்தினான். “என்ன சீலி, குருவி இருந்துச்சா, இல்ல வாலுதானா?”

எப்போதும்போல் தலையாட்டியிருப்பாள். கழுத்தில் கை இருந்தது.

“அத்தான், ரூபனுக்குக் காது கேக்கல.”

காற்றுக்கு அது அவ்வளவு தூரம் போயிற்றா என்று தெரியவில்லை. அவன் சிரித்த வாயோடு அப்படியே நின்றான். “என்னது?”

“பிள்ளைக்குக் காது கேக்கல அத்தான். ஒண்ணுமே கேக்கல. கூச்சமில்ல அது. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவணும்.”

தாவீது பைக்கை விட்டு இறங்கினான். ஸ்டாண்டு போட மறந்தான், அது வரப்பில் சாய்ந்து விழுந்தது. “யாரு சொன்னா?” என்று கேட்டுக்கொண்டே ஓடிவந்தான். “ஏ சீலி, யாரு சொன்னா உங்கிட்ட?”

தொண்டைமேல் இருந்த சின்னக் கை இன்னும் கொஞ்சம் அழுத்தியது.

“நான் சொல்லுதேன்” என்றாள்.